தண்ணீரைப் பார்த்துக் காப்பியடித்தவள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும், நீங்கள் கடைக்கு ஆசையாகப் போட்ட புது ஷட்டரும் மக்கர் செய்யாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. "உங்கள் மருமகள் சின்னக்குட்டிக்குப் பொறியியல் வருமா, வராதா? ஒரே வரியில் எழுதவும். வராது என்றால் இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு இரும்புக்கடையில் பில் போட உட்காரவைத்துவிடுகிறேன்" என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே இன்னும் பாதிதான் நம்புகிறேன். ஆகவே கடையில் கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழு ஒன்று வெளியிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், நூலகத்தைப் பார்ப்பார்கள், பெயின்ட் வாசனை பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நாங்கள் தெம்பாக இருந்தோம். இந்தத் தடவை ஒரு புதுக் கேள்வி அனுப்பிவிட்டார்கள். "உங்கள் மாணவர்கள் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருக்கிறார்கள், சந்தோஷம். அதைப் பயன்படுத்தத் தெரியுமா? தெரியும் என்றால் அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" முதல்வர் அதைப் படித்துவிட்டுக் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் நடந்தார். பிறகு மூன்று பேரைப் பிடித்து மதிப்பீட்டுக் குழு என்று பெயர் வைத்தார். கணிதத்துக்கு நான், பௌதிகத்துக்குப் பௌதிக ஆசிரியர், இயந்திரத்துக்குப் பட்டறை ஆசிரியர். சின்னக்குட்டி என் தங்கை மகளாயிற்றே, நான் இதில் இருக்கலாமா என்று நியாயமாகவே கேட்டேன். முதல்வர், அவளுக்கு நான் முதலாண்டில் போட்ட மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க தாராளமா இருக்கலாம், உங்ககிட்ட சொந்தபந்தமெல்லாம் செல்லாதுன்னு தெரியுது" என்றார்.

பௌதிக ஆசிரியரைப் பற்றி உங்களுக்கு முன்பே எழுதியிருப்பேன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடங்கள் ஆகின்றன. பங்காளிச் சண்டை இல்லை, புவியீர்ப்பைப் பற்றிய சண்டை. பூமி இழுக்க, விழுகிற பொருள் வேகமெடுப்பதற்கு ஓர் எண் உண்டு, ஒன்பது புள்ளி எட்டு. அவர் அதைப் பத்து என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம் என்பார். சுலபத்துக்காகப் பூமியை மாற்ற முடியாது என்பேன் நான். இதனால் மாணவர்கள் அவருக்குப் 'பத்து' என்றும் எனக்குப் 'புள்ளி எட்டு' என்றும் பெயர் வைத்திருப்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்த பெருமை முதல்வரைச் சேரும். நடுவில் பட்டறை ஆசிரியர், தபால்காரர் மாதிரி, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு வெள்ளோட்டம் விட்டோம். ஒரே சமன்பாட்டை மூன்று வேஷம் போட்டு மாணவர்களிடம் அனுப்பினோம். என் தாளில் அது வெறும் எக்ஸும் ஒய்யுமாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் போட்டுவிட்டார்கள், நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பௌதிகத் தாளில் அதே சமன்பாடு உயரம், நேரம் என்று வந்தது. பாதிப் பேர் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவன் எழுந்து, "சார், எங்களுக்கு எக்ஸ்தான் நடத்தினாங்க, இந்த எழுத்து எங்க சிலபஸ்ல இல்ல" என்றான். மூன்றாவது, பட்டறை ஆசிரியரின் முறை. அவர் தாளே கொடுக்கவில்லை. அடியில் துளையிட்டு அடைத்த ஒரு தகரத் தொட்டியை நிறையத் தண்ணீரோடு கொண்டுவந்து வகுப்பின் முன்னால் வைத்து, "இதுதான் கேள்வி" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், கரும்பலகை தெரியவில்லை, அந்தத் தொட்டியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளச் சொன்னது. நாங்கள் மூன்று பேரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முதல்வரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார். ஏட்டில் சுரைக்காய் வரைந்து கொடுத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆகவே அங்கீகாரக் குழு வருகிற நாளன்று உண்மையான தேர்வையே வைத்துவிடுவது என்று முடிவானது. கேள்வி ஒன்றே ஒன்று. இரும்புக் கால்களில் நிறுத்திய பெரிய தொட்டி, ஆள் இடுப்பளவு தண்ணீர், அடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை, துளையில் அடைப்பு, நீர்மட்டம் தெரியப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அடைப்பைப் பிடுங்கினால் தொட்டி எவ்வளவு நேரத்தில் காலியாகும்? தொட்டியை அளக்கலாம், துளையை அளக்கலாம், சூத்திரத்தை எழுதலாம். விடை நான் போட்டு வைத்திருந்தேன், பன்னிரண்டு நிமிடம். பௌதிக ஆசிரியர், தன்னுடைய பத்தின்படி அதில் ஏழு விநாடி குறையும் என்று பட்டறை ஆசிரியர் மூலமாகத் தகவல் அனுப்பினார். அந்த ஏழு விநாடிக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் என் விடைதான் விடைக்குறிப்பில் ஏறியது. முதல்வர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, குழு வந்து நின்றதும் அடைப்பைத் திறப்பது, பன்னிரண்டு நிமிடத்தில் தொட்டி காலியாவது, பதின்மூன்றாவது நிமிடத்தில் கேன்டீனிலிருந்து டீ வருவது என்று கல்யாண முகூர்த்தம் மாதிரி நேரம் குறித்துவிட்டார்.

தேர்வு ஆரம்பித்ததும் சின்னக்குட்டி எழுந்தாள். "சார், அடைப்பை ஒரு நிமிஷம் திறந்து தண்ணி எப்படி வருதுன்னு பாத்துட்டு மூடிக்கலாமா?" என்றாள். கல்லூரியில் நான் அவளுக்கு சார்தான், மாமா எல்லாம் கேட்டுக்கு வெளியே. கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பௌதிக ஆசிரியர் எழுந்துவிட்டார். "தண்ணியைப் பாத்துட்டு எழுதினா அது கணக்கு இல்லம்மா. அது காப்பி" என்றார். எனக்கும் அது மிகச் சரியாகத்தான் தோன்றியது, மாப்பிள்ளை. விடை தண்ணீரிடம் இருக்கிறது, அதைப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதானே தேர்வு? பல வருடங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்து முதல்முறையாகத் தலையாட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளோட்டத்துக்கு அப்புறம் நாங்கள் உருப்போட வைத்திருந்த சூத்திரத்தை மற்றவர்கள் எல்லோரும் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தடால் என்று ஒரு சத்தம். கண்காணித்துக்கொண்டு நடந்த பட்டறை ஆசிரியர் கடைசி வரிசையில் மல்லாந்து கிடந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். நடுவில் உங்கள் மகள், ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் அடி ஓட்டையான தண்ணீர் பாட்டில். குடிக்கிற பாட்டிலில் லேபிளைக் கிழித்து, பேனாவால் கோடு கோடாகப் போட்டு, காம்பஸ் முனையால் அடியில் ரீஃபில் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஒவ்வொரு கோட்டுக்கும் இறங்குகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறாள். பெரிய தொட்டியைத் திறக்கத்தானே கூடாது என்றார்கள், சொந்த பாட்டிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பது அவள் கட்சி. பௌதிக ஆசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையும் களவுமாகப் பிடிபட்டதாக எழுதி, பாட்டிலைச் சாட்சியாக வைத்துக் கட்டி, அவள் தாளைத் தனியே எடுத்துவைத்துவிட்டார். காப்பியடித்தால் அந்தப் பருவம் முழுக்கப் போய்விடும் என்பது விதி. உங்கள் கடைக் கல்லாப்பெட்டியின் ஓரத்தில் அவள் உட்கார்ந்து பில் போடுவது என் கண்ணிலேயே தெரிந்தது. என் தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

குழு வந்தது. மூன்று பேர். அவர்களுக்குத் தலைவி பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், அதிகம் பேசாதவர். முதல்வர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் பீறிட்டு வந்து அவர் புது ஷூவை நனைத்தது, அதைப் புன்னகையோடு தாங்கிக்கொண்டார். மாணவர்களின் தாள்களைக் காட்டினார்கள். எல்லாத் தாளிலும் பன்னிரண்டு, ஒரே மாதிரி, அச்சடித்ததுபோல. முதல்வர் பெருமையோடு என்னைப் பார்த்தார். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது, மாப்பிள்ளை. கொஞ்சநஞ்சம் இல்லை, பக்கெட் பக்கெட்டாக மொண்டு எடுக்கலாம், அவ்வளவு இருந்தது. பதின்மூன்றாவது நிமிடத்தில் டீ வந்தது. கேன்டீன்காரருக்கு நேரம் தவறாது, அன்று என்னைத் தவிர எல்லோருமே நேரத்தோடு இருந்தார்கள். டீயில் ஆடை படிந்தது, யாரும் குடிக்கவில்லை. தொட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டு வருகிறேன். ஒருநாளும் கரும்பலகைத் தொட்டி சொன்ன நேரத்துக்குக் காலியாகாமல் இருந்ததில்லை. பௌதிக ஆசிரியர் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் தன்னுடைய கணக்கு அதற்கும் ஏழு விநாடி முன்னாலேயே தோற்றுப்போயிருப்பது அவருக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அம்மையார் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவர், வேறு விடை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். முதல்வர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பட்டறை ஆசிரியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"ஒரு பொண்ணு எழுதியிருக்குதுங்க. ஆனா அது காப்பியடிச்சுருச்சு."

"யாரைப் பாத்து?"

"தண்ணியைப் பாத்துங்க."

அந்த அம்மையார் அப்படியே திரும்பி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தாளையும் அந்தப் பெண்ணையும் கொண்டுவரச் சொன்னார். தாளில் பத்தொன்பது நிமிடம், அரை நிமிடம் முன்னேபின்னே இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டார்கள். அழுது வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சூத்திரம் சரிதாங்க. ஆனா துளை முழுக்க ரொப்பிக்கிட்டுத் தண்ணி வரும்னு அது நம்புது. நிஜத்துல தண்ணி ஒடுங்கித்தான் வருது. எவ்வளவு ஒடுங்குதுன்னு சூத்திரத்துக்குத் தெரியாது. அதை மட்டும் பாட்டில்கிட்ட கேட்டுக்கிட்டேன். மீதியெல்லாம் சார் சொல்லிக்கொடுத்ததுதான்."

நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு முதல்வர், ஒரு பௌதிகம், ஒரு கணிதம், ஒரு பட்டறை, வெளியூர் நிபுணர்கள் மூன்று பேர், தட்டோடு கேன்டீன்காரர், அத்தனை பேரும் முட்டி மடக்கி ஒரு தகரத் தொட்டியின் அடியைப் பார்த்தோம். என் வலது முழங்கால்கூட மடங்கியது. துளையைவிட்டு வந்ததும் தண்ணீர் இடுப்பு ஒடுங்கிக்கொண்டு மெலிந்து, கண்ணாடிக் கம்பி மாதிரி அசையாமல் இறங்கியது. அது அப்படித்தான் எப்போதும் இறங்கியிருக்கிறது. நான்தான் நேற்று முதல்முறையாகப் பார்த்தேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், தொட்டி திறந்ததிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தேன். இப்போது அந்தக் கோடுகளைப் பார்த்தேன். மேலே அகலமாக ஆரம்பித்துக் கீழே வர வர நெருங்கியிருந்தன. அளவுகோலை வாங்கி அளந்தேன். ஒவ்வோர் இடைவெளியும் அதற்கு முந்தியதைவிடக் குறைந்திருந்தது, குறைந்த அளவு எல்லா இடத்திலும் ஒன்றே. சாக்பீஸ் கோட்டின் பருமனுக்குமேல் எங்கேயும் பிசகவில்லை. இதைத்தானே நான் வருடா வருடம் நிரூபணம் செய்து, கீழே கோடிட்டு, அழித்துவிட்டுப் போவேன்? தேர்வுக்கு வருகிற விஷயம் என்றுதான் அதை நினைத்திருந்தேன். தண்ணீருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் வகுப்பில் அது ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யார் சொல்லி அது இப்படி இறங்குகிறது? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் தொட்டித் தண்ணீர் தெறித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். கணக்கு பொய்யில்லை. ஒரே ஓர் எண்ணை மட்டும் அது தண்ணீரிடம் போய்க் கேட்டு வந்திருக்கவேண்டும். அந்தக் கூடத்தில் கேட்கத் தோன்றியவள் நம் வீட்டுப் பெண் ஒருத்திதான்.

பத்தொன்பது நிமிடம் தாண்டிச் சில விநாடியில் தண்ணீர்க் கம்பி அறுந்து சொட்டத் தொடங்கியது. மாணவர்கள் கைதட்டினார்கள். கேன்டீன்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். முதல்வர் எதற்கென்று புரியாமலேயே தட்டினார்.

அப்புறம் மதிப்பெண் போட உட்கார்ந்தோம். அங்கே அடுத்த கூத்து. எங்கள் மதிப்பீட்டு அட்டவணையில் கொள்கையை அடையாளம் கண்டாரா என்று ஒரு கட்டம், சமன்பாடு எழுதினாரா என்று ஒரு கட்டம், விடைக்குறிப்போடு பொருந்துகிறதா என்று ஒரு கட்டம். பன்னிரண்டு எழுதிய எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. உங்கள் மகளின் விடை நான் தயாரித்த விடையோடு பொருந்தவில்லை, ஆகவே அந்தக் கட்டத்தில் பூஜ்யம். பார்த்தாரா என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. அதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று முதல்வர் கேட்டார். அப்போது பௌதிக ஆசிரியர் எழுந்தார். பட்டறை ஆசிரியர் வழியாக இல்லாமல் நேராக என்னைப் பார்த்து, "ஏழு செகண்டுக்கு இத்தனை வருஷம் பேசாம இருந்தோம். தண்ணி ஏழு நிமிஷத்துக்கு மேல அந்தப் பக்கம் போயிருச்சுங்களே" என்றார். பிறகு காப்பியடித்ததாக எழுதிய தாளை அவரே கிழித்து, தொட்டியிலேயே போட்டார். பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அட்டவணையில் ஒரு புதுக் கட்டம் வரைந்தோம். அதில் முதல் மதிப்பெண் அவளுடையது. தண்ணீரைப் பார்க்கவிடாமல் தடுத்த எங்களுக்கு அந்தக் கட்டத்தில் என்ன மதிப்பெண் என்று அம்மையார் கேட்டபோது முதல்வர் ஆறிப்போன டீயை எடுத்து நீட்டினார். அங்கீகாரம் உண்டாம், அடுத்த வருடம் வந்து தொட்டியை மறுபடி பார்ப்பாராம்.

ஆக, நீங்கள் கேட்ட ஒரு வரி இதோ: வரும். சின்னக்குட்டிக்குப் பொறியியல் வரும், பொறியியலைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் பொருந்தாது, அவள் பிறந்ததே பொறியியலுக்குத்தான், இதில் கணக்குப் போட்டவன் என்ற முறையில் நான் உத்தரவாதம். கடைக்கு பில் போட வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஓய்வுபெற்ற பிறகு நான் வருகிறேன், கூட்டல் கழித்தல் பிசகாது. அவளை மட்டும் அந்தத் துறையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். உங்களை இந்த ஒன்றுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் கெஞ்சிக் கேட்பேன்.

தங்கைக்கு என் அன்பு. சின்னவனுக்கு ஆசி, அவனைப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம், பாவம், தண்ணீரில் விளையாடட்டும். உங்கள் தாயாருக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது சின்னக்குட்டி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் எவ்வளவு ஒடுங்குகிறது என்று பாட்டிலில் வந்த எண்ணும் பெரிய தொட்டியில் வந்த எண்ணும் ஏன் ஒன்றாகவே இருக்கிறது, பாட்டில் எங்கே தொட்டி எங்கே என்று கேட்டாள். அந்த எண் நூலகத்து அட்டவணைப் புத்தகத்திலேயே இருக்கிறது, நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன் என்றேன். "இருக்குன்னு தெரியும் மாமா, ஏன் இருக்குன்னுதான் தெரியணும்" என்றாள். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்து ஏன் என்று கேட்ட முதல் ஆள். எனக்குப் பதில் தெரியவில்லை. உடனே பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள், பொறியியலை விட்டுவிட்டுக் கணிதத் துறைக்கு மாற. ஒரு வருடம் வீணாகும், வேலை கிடைக்காது, கணிதம் படித்தவன் கதி என்னவாகும் என்பதற்கு என்னையே பார் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். அவள் நிஜமாகவே என்னைப் பார்த்தாள். "பாத்தேன் மாமா. நேத்து அந்தத் தொட்டி முன்னாடி நீங்க நின்னீங்களே, அப்படி நிக்கிற வேலைதான் எனக்கு வேணும்" என்றாள். ஆகவே மேலே பொறியியல் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுக் கணிதம் என்று படிக்கவும். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல்வதே நல்லது. ஆனால் வந்தும் பிரயோஜனம் இருக்காது என்று நினைக்கிறேன். பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டுவிட்டேன்.